பழ ஈக்களில் ஆயுட்கால ஆய்வு நடத்துவது எப்படி: முட்டை சேகரிப்பு முதல் உயிர்வாழ்வு வரைபடம் வரை

முதுமையைப் பற்றிய ஆய்வுகளில் பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றுவது ஆயுட்கால ஆய்வுதான். ஒரே நாளில் வெளிவந்த ஈக்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்தையோ மாற்றிய உணவையோ கொடுத்து, கடைசி ஈ சாகும்வரை எண்ணிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றும். விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்படுவதில்லை. ஆனால் ஆயுளைக் கூட்டுவதாக முன்னணி இதழ்களில் அறிவிக்கப்பட்ட சில மரபணுக்கள் மறு ஆய்வில் நிலைக்காமல் போயிருக்கின்றன. அவற்றை எடுத்துப் படித்தால் கோளாறு சோதனைக் குழுவைவிட ஒப்பீட்டுக் குழுவில்தான் அதிகம் இருந்தது தெரியவரும். எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த ஈக்கள் வேறு காரணத்தால் சீக்கிரம் செத்திருந்தால், மற்றக் குழு நீண்ட நாள் வாழ்ந்ததாகத்தான் வரைபடம் காட்டும். ஆகவே முதுகலை மாணவர்களையும் புதிதாக ஆய்வில் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படும் இவ்வழிகாட்டி, ஒப்பீட்டுக் குழுவை நேர்மையாக வளர்ப்பதிலேயே பெரும்பங்கு கவனத்தைச் செலுத்துகிறது.

ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈ 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து ஏறத்தாழ 10 நாளில் முழு ஈயாக வெளிவருகிறது. நன்கு பராமரிக்கப்பட்ட கூட்டத்தில் பாதி ஈக்கள் 50 முதல் 70 நாள் வரை வாழும். சில 90 நாளை எட்டும். முட்டை சேகரிப்பதில் தொடங்கி இறுதி ஈ இறப்பது வரை ஓர் ஆய்வுக்கு மூன்றரை மாதம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. எலியில் இதே வேலைக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். ஈயைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எந்த இரகம், யாரோடு ஒப்பிடுவது

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஈயின் இரகம். ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட இரகங்களில் கெடுதலான மரபணு வடிவங்கள் சேர்ந்துவிடுவதால், அவை பெரும்பாலும் குறைந்த ஆயுளே வாழும். நோஞ்சானான இப்படிப்பட்ட இரகத்தில் ஒரு மருந்து ஆயுளைக் கூட்டினால், அது முதுமையைத் தள்ளிப்போட்டதா, அந்த இரகத்துக்கே உரிய ஒரு குறைபாட்டைச் சரிசெய்ததா என்று பிரித்தறிய வழியில்லை. எனவே பெருங்கூட்டமாக, கலப்பு மரபணுக்களோடு பேணப்பட்ட இரகமே தகுந்தது. 1970-இல் அன்றைய தஹோமியில், அதாவது இன்றைய பெனின் நாட்டில், பிடிக்கப்பட்டு இன்றுவரை பெருங்கூட்டமாக வளர்க்கப்படும் தஹோமி இரகம் இதற்காகவே பல ஆயுட்கால ஆய்வுகளில் பயன்படுகிறது. மரபணு மாற்றிய இரகங்களை அமெரிக்காவில் இண்டியானாவிலுள்ள புளூமிங்டன் ஈ வங்கியிலிருந்து பெறலாம். இந்தியாவில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஈக் கூடத்தை அணுகலாம்.

மருந்தைச் சோதிப்பவருக்கு ஒப்பீடு ஓரளவு எளிது. ஒரே கூட்டத்து ஈக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பங்குக்கு மருந்து கலந்த உணவையும் மறு பங்குக்கு மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் மட்டும் அதே அளவில் கலந்த உணவையும் கொடுத்தால் போதும். ராபமைசின் என்னும் மருந்தை எத்தனாலில் கரைத்திருந்தால் ஒப்பீட்டு உணவிலும் அதே அளவு எத்தனால் இருந்தாக வேண்டும்.

மரபணுவைச் சோதிப்பவருக்குத்தான் பெருஞ்சிக்கல். மாற்றப்பட்ட மரபணுவைத் தாங்கிய இரகமும் ஒப்பீட்டு இரகமும் வெவ்வேறு ஆய்வகங்களில் வளர்ந்தவையாக இருந்தால், அந்த ஒரு மரபணுவில் மட்டுமல்லாமல் நூற்றுக்கணக்கான இடங்களில் அவை வேறுபடும். சர்ட்டுயின் என்னும் புரதங்களை உருவாக்கும் வகையைச் சேர்ந்த சர்-2 மரபணுவின் கதை இதற்குத் தக்க சான்று. அதன் செயலைக் கூட்டினால் சி. எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுக்களிலும் ஈக்களிலும் ஆயுள் நீளும் என்று 2001-இலும் 2004-இலும் ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றை நம்பி ஏராளமான பணமும் உழைப்பும் செலவிடப்பட்டன. 2011-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்தவர்களும் பிறரும் அதே இரகங்களை எடுத்து, மரபணுப் பின்னணியைச் சமப்படுத்திய பின் மீண்டும் அளந்தனர். புழுவில் ஆயுள் நீண்டதற்குக் காரணம் அந்த இரகத்தில் ஒளிந்திருந்த வேறொரு மரபணு மாற்றம் என்றும், ஈயில் தகுந்த ஒப்பீட்டு இரகத்தோடு வைத்துப் பார்த்தால் நீட்சியே இல்லை என்றும் தெரிந்தது. இன்டி என்னும் மரபணுவின் மீதும் 2000-இல் வந்த முதல் அறிவிப்புக்குப் பின்னர் இதே ஐயம் எழுந்தது.

இதைத் தவிர்க்க, சோதிக்கவிருக்கும் மரபணு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியமான இரகத்தோடு குறைந்தது ஆறு தலைமுறைகள் திரும்பத் திரும்பக் கலக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் மாற்றத்தைத் தாங்கிய பெண் ஈக்களை எடுத்து அந்த இரகத்து ஆண்களோடு சேர்க்க, தலைமுறைக்குப் பாதியாகப் பழைய பின்னணி கரைந்துபோகும். ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டு நேரே ஆயுட்கால ஆய்வில் இறங்குவது, என் கருத்தில், அடுத்த மூன்று மாத உழைப்பையும் சேர்த்து வீணாக்குவதாகும். அதோடு வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா ஈயின் செல்களுக்குள் குடியிருந்து தாயிடமிருந்து முட்டைக்குக் கடத்தப்படுகிறது; ஒரு குழுவில் அது இருந்து மறு குழுவில் இல்லாவிட்டால் அதுவே ஆயுளை மாற்றிவிடக்கூடும். டெட்ராசைக்ளின் கலந்த உணவில் வளர்த்து அதை அகற்றலாம்; ஆனால் அந்த மருந்தின் பாதிப்பு நீங்கச் சில தலைமுறைகள் காத்திருந்த பின்னரே ஆய்வைத் தொடங்க வேண்டும்.

வேதிப்பொருள் கொடுத்து மரபணுவை இயக்கும் ஜீன்-சுவிட்ச் முறையில் உடன்பிறந்த ஈக்களையே இரு குழுவாக்கலாம் என்பதால் பின்னணிச் சிக்கல் குறைகிறது. ஆனாலும் அதில் இயக்கியாகப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், இணைசேர்ந்த பெண் ஈக்களின் ஆயுளைத் தானாகவே கூட்டக்கூடியது. எனவே இயக்க வேண்டிய மரபணு இல்லாத ஈக்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கும் தனிக் குழு ஒன்று கட்டாயம் தேவை.

உணவு

நம் பக்கத்து ஆய்வகங்களில் ஈ உணவு பலவிதம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ரவையும் வெல்லமும், உணவைக் கட்டியாக உறையவைக்கும் அகரும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். பெங்களூருவில் சில கூடங்களில் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்த உணவு வழக்கத்தில் உண்டு. ஈக்களைப் பேணுவதற்கு இவை நன்றாகவே பயன்படும். ஆயினும் வெல்லத்தின் தரமும் பழத்தின் கனிவும் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், ஆயுட்கால ஆய்வுக்கு அளவு நிலையாக உள்ள சர்க்கரை-ஈஸ்ட் உணவே பொருத்தமானது.

ஒரு லிட்டருக்கு 15 கிராம் அகர், 50 கிராம் சர்க்கரை, 100 கிராம் பீர் ஈஸ்ட் தூள் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. நீரில் அகரைக் கொதிக்க வைத்துக் கரைத்து, சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் சேர்த்து மீண்டும் ஒரு கொதி வரும்வரை கட்டிதட்டாமல் கிளற வேண்டும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பூஞ்சை பிடிக்காமலிருக்க 3 மில்லிலிட்டர் புரொப்பியானிக் அமிலமும், எத்தனாலில் பத்து சதவீதமாகக் கரைத்த நிபாஜின் 30 மில்லிலிட்டரும் சேர்த்து, குப்பிகளில் ஊற்றலாம். மருந்து சேர்ப்பதாயினும் இந்தச் சூட்டில்தான் சேர்க்க வேண்டும். கொதிநிலையில் ஊற்றினால் அமிலம் ஆவியாகும், மருந்தும் சிதையக்கூடும்.

ஈஸ்ட்தான் ஈக்குப் புரதம். அதன் அளவைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை ஆயுள் கூடும். அதற்கும் கீழே போனால் ஈ பட்டினியால் சாகும். ஈஸ்ட்டின் வகையை மாற்றினால்கூட இந்த உச்சம் இடம் மாறும். ஆகவே முழு ஆய்வுக்கும் போதுமான ஈஸ்ட்டை ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் வேறு தொகுதிக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை 2003-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து ஊகிக்கலாம். நடுவயது ஈக்களை நிறைவுணவிலிருந்து குறையுணவுக்கு மாற்றியபோது, 48 மணி நேரத்துக்குள் அவற்றின் இறப்பு வீதம், வாழ்நாளெல்லாம் குறையுணவு உண்ட ஈக்களின் இறப்பு வீதத்துக்கு இறங்கிவிட்டது. உணவு மாறியதற்கு ஈயின் உடல் அவ்வளவு விரைவாக எதிர்வினையாற்றுகிறது.

ஒரே வயதுக் கூட்டத்தை வளர்த்தல்

இந்தப் பகுதியில் காட்டும் சோம்பலுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் விலை தெரியும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோர் ஈக்களும் ஒரே அடர்த்தியில், ஒரே வயதில் இருக்க வேண்டும். அவற்றைக் கூண்டில் விட்டு, திராட்சைச் சாறு கலந்த அகர்த் தட்டின் நடுவில் சிறிது ஈஸ்ட் பசையைத் தடவி அடியில் வைத்தால் இரவுக்குள் ஏராளமான முட்டைகள் கிடைக்கும். அவற்றை உப்புக் கரைசலில் கழுவி ஒரு குழாயில் அடியில் படியவிட வேண்டும். பிறகு அகன்ற வாயுள்ள பிப்பெட் முனையால், படிந்த முட்டைகளிலிருந்து 18 முதல் 20 மைக்ரோலிட்டர் உறிஞ்சி, 70 மில்லிலிட்டர் உணவுள்ள ஒவ்வொரு புட்டியிலும் விட்டால், புட்டிக்கு ஏறத்தாழ 300 ஈக்கள் வெளிவரும்.

முட்டையை அளந்து விடாமல் பெற்றோரையே புட்டிக்குள் விட்டு இடச் சொன்னால் என்ன என்று கேட்கத் தோன்றும். முட்டையிலிருந்து வரும் ஈப் புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்த புட்டியிலிருந்து சிறிய ஈக்கள் தாமதமாக வரும். தாராளமாக வளர்ந்த புட்டியிலிருந்து பெரிய ஈக்கள் விரைவாக வரும். இருவகையும் ஒரே மாதிரி முதுமை அடைவதில்லை. 1980-களில் நீண்ட ஆயுளுக்காக ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து பார்த்த லியோ லக்கின்பில் என்பவரும் அவருடன் உழைத்தவரும், தேர்வுக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் புழுப் பருவ நெருக்கத்தைப் பொறுத்தே அமைந்தது என்று 1985-இல் காட்டினர். வளர்ந்த ஈயின் முதுமை, அது புழுவாக இருந்தபோது எத்தனை பேரோடு பங்கிட்டு உண்டது என்பதிலேயே ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது.

புட்டிகளிலிருந்து முதல் நாள் வரும் சில ஈக்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் வெளிவருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் புதிய புட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்து 48 மணி நேரம் விட்டுவைத்தால் பெண்கள் எல்லாம் இணைசேர்ந்துவிடும். பிறகு கார்பன் டை ஆக்சைடால் மயக்கி, வயிற்று நுனி கறுத்திருக்கும் ஆண்களைத் தூரிகையால் பிரித்து, ஒரே பாலினத்து ஈக்கள் பத்தைக் குப்பிக்கு ஒன்றாக இட வேண்டும். மயக்கம் சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது. மயங்கிய ஈ ஈரமான உணவில் விழுந்து இறக்கை ஒட்டிக்கொள்ளாமலிருக்க, குப்பியைப் படுக்கவைத்து, அவை எழுந்து நடமாடிய பிறகே நிமிர்த்த வேண்டும். ஆண்களையும் பெண்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைக்கக் கூடாது. ஆணின் விந்துத் திரவத்திலுள்ள புரதங்கள் பெண்ணின் ஆயுளைக் குறைக்கின்றன என்று 1995-இல் நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே கலந்து வைத்த குழுவில் ஆண்களின் எண்ணிக்கையும் சுறுசுறுப்பும் பெண்களின் ஆயுளுக்குள் புகுந்து கணக்கைக் குழப்பும்.

ஒரு குழுவுக்கு ஒரு பாலினத்தில் 100 முதல் 150 ஈக்கள் தேவை. உணவுக் குறைப்புக்குப் பெண் ஈக்கள் ஆண்களைவிட வலுவாகப் பதிலளிப்பதால், இரு பாலினத்தையும் தனித்தனியே சோதிப்பதே முறை. குப்பிகளுக்குக் குழுவின் பெயரை எழுதாமல் எண் மட்டும் இட்டு, எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியலை வேறொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். குப்பிகளைத் தட்டில் குழுவாரியாக அடுக்காமல் கலந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் தட்டின் இடத்தையும் மாற்ற வேண்டும். குப்பிகளை நிலையான வெப்பத்தில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை.

வெப்பநிலையின் வலிமையை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஜாக் லோபும், பின்னாளில் நொதிகளைப் படிகமாக்கியதற்காக நோபல் பரிசு பெற்ற ஜான் நார்த்ராப்பும், சூடு ஏற ஏற ஈயின் ஆயுள் குறைகிறது என்பதை 1917-லேயே அளந்து காட்டினர். 25 டிகிரி, 60 முதல் 65 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்பது வழக்கமான ஏற்பாடு. மின்தடை நேரும் ஊர்களில் இன்குபேட்டருக்குத் தடையில்லா மின்சாரம் இல்லாமல் கோடையில் ஆய்வைத் தொடங்குவது சரியன்று. 30 டிகிரியில் வளரும் ஆண் ஈக்கள் மலடாகும் அளவுக்கு இவ்வுயிர் வெப்பத்தால் பாதிக்கப்படுகிறது. உச்ச, தாழ்வு வெப்பத்தைப் பதியும் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுவதும் எண்ணுவதும்

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று முறை ஈக்களைப் புதிய உணவுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். பெண் ஈக்கள் இடும் முட்டைகள் ஒரே நாளில் பொரித்து, புழுக்கள் உணவைக் கிளறிக் கூழாக்கிவிடும். அந்தக் கூழில் ஒட்டிச் சாகும் ஈயை முதுமையால் செத்ததாகக் கணக்கில் எழுதுவது தவறு. மயக்காமலேயே மாற்ற வேண்டும். குப்பியை மெத்தென்ற பரப்பில் இருமுறை தட்டினால் ஈக்கள் அடியில் விழும். பஞ்சடைப்பை எடுத்து, புதிய குப்பியை அதன் வாயில் கவிழ்த்துப் பொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகத் திருப்பித் தட்ட வேண்டும். இளம் ஈக்கள் மேல்நோக்கி ஓடும் என்பதால் கை வேகம் தேவை. ஆறு வாரத்துக்குப் பின் அவை மெதுவாகத்தான் நகரும். அப்போது பலமாகத் தட்டினால் நாமே கொன்றுவிடுவோம்.

இறந்ததா இல்லையா என்று சொல்வது எண்ணுபவருக்கு எண்ணுபவர் மாறும் இடம். முதிர்ந்த ஈ மல்லாந்து கிடந்து, கால்கள் மார்போடு மடிந்து, செத்ததுபோலவே தோன்றும். குப்பியை விளக்கின் முன் சாய்த்துப் பிடித்து, விரலால் மெல்லத் தட்டி, சில நொடிகள் பொறுத்துப் பார்த்தால் முன்காலின் நுனி மட்டும் ஒருமுறை சுருங்கி விரியும். அது உயிருள்ள ஈ. அசைவே இல்லாதவற்றை மட்டும் இறந்தவையாகக் கொள்ள வேண்டும். இந்த விதியை முதல் நாளே எழுதிவைத்து, முழு ஆய்வையும் முடிந்தவரை ஒருவரே எண்ண வேண்டும். அமெரிக்காவில் பக் ஆய்வு நிறுவனம், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், ஓரிகன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் ஒரே உருளைப்புழு இரகத்தை ஒரே செய்முறையில் அளந்து பார்க்க ஒரு திட்டம் தொடங்கப்பட்டபோது, முதலில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. புழுவை எடுத்து வைக்கும் கைப்பழக்கத்தையும், வயதை முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிடுவதா பொரித்த நாளிலிருந்து கணக்கிடுவதா என்பதையும்கூட ஒன்றாக்கிய பிறகே முடிவுகள் நெருங்கிவந்தன.

எண்ணும்போது மூன்று நிரல்கள் தேவை: இறந்தவை, உடலாகப் புதிய குப்பிக்குச் சென்றவை, கணக்கிலிருந்து விலக்கப்பட்டவை. ஒரு குப்பியில் பத்து ஈக்கள் இருப்பதாகக் கொள்வோம். புதன்கிழமை மாற்றும்போது பழைய குப்பியின் உணவில் ஓர் உடல் ஒட்டிக் கிடக்கிறது. இன்னோர் உடல் புதிய குப்பிக்குள் விழுந்துவிடுகிறது. ஓர் ஈ பறந்து தப்பிவிடுகிறது. அன்றைய இறப்பு இரண்டு, சுமந்து சென்ற உடல் ஒன்று, விலக்கம் ஒன்று, உயிரோடு ஏழு. வெள்ளிக்கிழமை ஈக்களை மாற்றியபின் பழைய குப்பியில் இரண்டு உடல்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று புதன்கிழமையே கணக்கில் வந்தது என்பதால் புதிய இறப்பு ஒன்றுதான். உயிரோடு இருப்பவை ஆறு. இந்தக் கழித்தலை மறந்தால் ஒரே ஈ இருமுறை சாகும், ஆய்வின் முடிவில் தொடங்கிய எண்ணிக்கையைவிட இறப்புகள் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் உயிருள்ளவற்றையும் நேரே எண்ணிச் சரிபார்த்தால் தவறு அன்றே பிடிபடும்.

தப்பியவை, பஞ்சடைப்பில் நசுங்கியவை, உணவு இளகியதால் மூழ்கியவை ஆகியவற்றை இறப்பாக எழுதக் கூடாது. பதிவிலிருந்து அழிக்கவும் கூடாது. தப்பிய ஈ அன்றுவரை வாழ்ந்தது என்பது உண்மையான தகவல். அதை அந்த நாளில் விலக்கப்பட்டதாகக் குறிப்பதே முறை. ஒரு குழுவில் விலக்கங்கள் மறு குழுவைவிட வெகுவாகக் கூடியிருந்தால், அந்தக் குழுவின் உணவிலோ கையாளுதலிலோ ஏதோ சரியில்லை என்று கொண்டு காரணத்தைத் தேட வேண்டும்.

கணக்கிடுதல்

எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் 1958-இல் தந்த முறையில்தான் உயிர்வாழ்வு வளைகோடு வரையப்படுகிறது. ஒவ்வோர் இறப்பு நாளிலும், அன்று காலை உயிரோடு கணக்கில் இருந்தவற்றில் எத்தனை பங்கு அந்த நாளைத் தாண்டியது என்று பார்த்து, அதை முந்தைய மதிப்போடு பெருக்க வேண்டும். முந்தைய மதிப்பு 0.60 ஆகவும், அன்று கணக்கிலிருந்த 80 ஈக்களில் 4 இறந்ததாகவும் கொண்டால், 76-ஐ 80-ஆல் வகுத்துவரும் 0.95-ஐ 0.60-ஆல் பெருக்கிக் கிடைக்கும் 0.57 புதிய மதிப்பு. விலக்கப்பட்ட ஈக்கள் அதற்கடுத்த நாளிலிருந்து வகுக்கும் எண்ணில் சேராது. இரு வளைகோடுகளையும் லாக்-ரேங்க் என்னும் புள்ளியியல் சோதனையால் ஒப்பிடலாம். பாலினம், குப்பி, உணவுத் தொகுதி எனப் பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்க டேவிட் காக்ஸ் 1972-இல் வகுத்த முறை உதவும். ஒரே குப்பியில் வாழ்ந்த பத்து ஈக்கள் ஒரே உணவையும் ஒரே கிருமிகளையும் பகிர்ந்துகொண்டவை என்பதால், குப்பியையும் ஒரு காரணியாகச் சேர்ப்பதே நியாயம்.

சராசரி ஆயுள் கூடியது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. இறப்பு வீதத்தின் மடக்கையை வயதுக்கு எதிராக வரைந்து பார்க்க வேண்டும். வயது ஏற ஏற மனிதரின் இறப்பு வீதம் மடங்கு மடங்காக உயர்கிறது என்று பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் 1825-இல் எழுதினார். அந்த வரைபடத்தில் அது ஏறத்தாழ ஒரு நேர்கோடாகத் தெரியும். ஈக்களுக்கும் நடுவயதில் இது பொருந்துகிறது. மருந்து கொடுத்த குழுவின் கோடு அதே சாய்வோடு கீழே இறங்கியிருந்தால் எல்லா வயதிலும் சாவுக்கான வாய்ப்பு குறைந்திருக்கிறது; சாய்வே குறைந்திருந்தால் முதுமை ஏறும் வேகம் தணிந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவில் முதல் இரண்டு வாரத்திலேயே பல ஈக்கள் செத்து, அதனால் மட்டும் சராசரி வேறுபட்டிருந்தால், அதுவும் இந்த வரைபடத்தில் உடனே கண்ணில் படும். வளைகோட்டின் கடைசி வாலைப் பற்றி மட்டும் துணிந்து எதுவும் சொல்ல வேண்டாம். மிக முதிய வயதில் இறப்பு வீதம் ஏறுவது தணிகிறது என்பதை ஜேம்ஸ் கேரியும் குழுவினரும் 1992-இல் காட்டியபோது, அவர்கள் எண்ணிய மத்தியதரைக் கடல் பழ ஈக்கள் 12 லட்சத்துக்கும் மேல். நம்முடைய 150 ஈக்களில் கடைசி ஐந்தை வைத்து அந்த வயதைப் பற்றி முடிவு கட்ட இயலாது.

ஆயுள் நீண்டதாகத் தெரிந்தால்

முதல் கேள்வி: ஒப்பீட்டுக் குழு எவ்வளவு நாள் வாழ்ந்தது? 25 டிகிரியில் பெண் ஈக்களின் பாதி 35 நாளுக்குள் செத்திருந்தால், இரகத்திலோ உணவிலோ பராமரிப்பிலோ கோளாறு இருக்கிறது. மருந்து குழுவின் வளைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆய்வை வெளியிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து, ஈ குறைவாகச் சாப்பிட்டதா? மருந்தின் சுவை பிடிக்காமல் உணவைக் குறைத்துக்கொண்ட ஈ, உணவுக் குறைப்பினாலேயே நீண்ட நாள் வாழக்கூடும். நீல நிறமி கலந்த உணவைக் கொடுத்து, உடலுக்குள் சென்ற நிறத்தை அளந்து இதை அறியலாம். குப்பிக்குள் நுண்குழாயில் திரவ உணவை வைத்து, அது குறையும் அளவைப் பார்ப்பது இன்னொரு வழி. இவற்றுக்கு வசதியில்லாதவர்கள், பழைய குப்பிகளில் இட்ட முட்டைகளையாவது எண்ண வேண்டும். புரதம் குறைந்தால் முட்டை குறையும் என்பதால் முட்டை எண்ணிக்கை ஓரளவு உணவின் அளவையும் சொல்லும். மாற்றிய பின் தூக்கியெறியப் போகும் குப்பியிலேயே இந்தத் தகவல் செலவின்றிக் கிடக்கிறது.

ஈ நலமாக வாழ்ந்ததா என்பதையும் வாரம் ஒருமுறை பார்க்கலாம். தட்டியபின் பத்து நொடியில் எத்தனை ஈக்கள் குறிப்பிட்ட உயரம் ஏறுகின்றன என்று எண்ணுவது எளிய சோதனை. குடலின் சுவர் தளர்ந்துவிட்ட ஈக்குப் பொதுவாக உறிஞ்சப்படாத நீல நிறமியை உண்ணக் கொடுத்தால் உடல் முழுதும் நீலமாகும். அப்படி நீலமாகும் ஈக்கள் சில நாளில் இறந்துவிடும் என்று 2012-இல் கண்டறியப்பட்டது. இவ்விரண்டுக்கும் ஆயுள் கணக்கில் சேராத தனிக் குப்பிகளை ஒதுக்க வேண்டும்.

பிறகு ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். அதே நாளில் இன்னும் நூறு ஈக்களைச் சேர்த்துக்கொள்வது மறு ஆய்வாகாது. புதிய பெற்றோரிடமிருந்து புதிய முட்டைகள், புதிதாகக் காய்ச்சிய உணவு, முடிந்தால் வேறொரு பருவம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். எலிகளில் மருந்துகளைச் சோதிக்கும் அமெரிக்க அரசுத் திட்டம், ஜாக்சன் ஆய்வுக்கூடம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது. 600 நாள் வயதான எலிகளுக்கு ராபமைசின் கொடுத்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறக்கும் வயது பெண்களில் 14 சதவீதமும் ஆண்களில் 9 சதவீதமும் கூடியதாக 2009-இல் அறிவித்த அத்திட்டத்தின் முடிவு இன்றும் நிலைத்து நிற்பதற்கு, மூன்று இடத்திலும் அது மெய்ப்பட்டதே முக்கியக் காரணம். வேறொரு கல்லூரியில் ஈக்களோடு பழகிய நண்பர் ஒருவர் இருந்தால், மருந்தையும் செய்முறையையும் கொடுத்து, எந்தக் குப்பியில் எது என்று சொல்லாமல் அவரிடமும் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.

எழுதி வெளியிடும்போது இரகத்தின் பெயரும் எத்தனை தலைமுறை கலந்தது என்பதும், ஈஸ்ட்டின் உற்பத்தியாளரும் தொகுதி எண்ணும், புட்டிக்கு எத்தனை முட்டை, குப்பிக்கு எத்தனை ஈ, இணைசேர விட்ட நேரம், விலக்கிய ஈக்களின் எண்ணிக்கையும் காரணமும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு குப்பியின் ஒவ்வொரு நாள் எண்ணிக்கையையும் கொண்ட மூல அட்டவணையை, ஆயுள் நீளாமல் போன சுற்றுகளின் அட்டவணையோடு சேர்த்து, யாரும் எடுத்து மறுபடி கணக்கிடும்படி இணைத்துவிட வேண்டும்.